பரீட்சை நடக்குது, மெதுவா பேசுங்க

மேடைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது தொண்டையைப் பற்றித்தான். மிளகு மெல்லலாமா, பனங்கற்கண்டு நல்லதா, பேசுவதற்கு முன்னால் வெந்நீர் குடிக்கலாமா. எல்லாமே நல்லதுதான். தொண்டை கட்டினால் இரண்டொரு நாளில் சரியாகிவிடும். சொல்லக் கூடாததை ஒருமுறை ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டால் அதற்கு மிளகும் கிடையாது, கற்கண்டும் கிடையாது. இதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. திருக்கழுக்குன்றத்துக்கு மேற்கே நெல்லும் வேர்க்கடலையும் பயிரிடும் குடும்பத்தில் பிறந்தவள் நான். கல்லூரிப் பேச்சுப் போட்டியில் தொடங்கி, எங்கள் கட்சியின் பேச்சாளராகச் செங்கல்பட்டு மாவட்டம் முழுக்கச் சுற்றியவள். சுவரொட்டியில் என் பெயருக்கு முன்னால் என்னென்னவோ பட்டம் போடுவார்கள். ஊர்களில் நான் மரகதம் அக்கா, அவ்வளவுதான். நாங்கள் ஆட்சியில் இருந்த காலத்தைவிட எதிர்க்கட்சியாக இருந்த காலத்தில்தான் என் தொழில் செழித்தது. ஆளுங்கட்சி பொருளாதாரத்தில் என்ன செய்தது, கல்வியில் என்ன செய்தது என்று பிரித்து மேய்வதுதான் எனக்குக் கொடுத்திருந்த வேலை. அதை நான் ரசித்தே செய்தேன். அதில் எனக்குக் கூச்சம் எதுவும் இல்லை.

நான் சொல்லப்போவது ஒரு சட்டமன்றத் தேர்தலுக்குச் சில மாதங்களுக்கு முன்னால் நடந்தது.

ஆளுங்கட்சி அப்போது சாதனை விளக்கத்தில் மும்முரமாக இருந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகப் பெரிய பெரிய பதாகைகள். ஒன்றில் தொழிற்சாலை, ஒன்றில் மேம்பாலம், ஒன்றில் பளபளவென்று ஒரு பள்ளிக்கூடம். அந்தப் பள்ளிக்கூடம் எங்கேயோ இருப்பது அல்ல. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சாலையிலிருந்து கடல் பக்கம் திரும்பினால், ஒரு மீனவக் குப்பத்தில் இருந்த அரசு உயர்நிலைப் பள்ளி.

அதன் கதை இதுதான். பழைய ஓட்டுக் கட்டடம் ஒழுகி, ஒரு பக்கச் சுவர் சாய்ந்ததும் அதை இடித்துவிட்டார்கள். அந்த வளாகத்திலேயே புதிதாக மாடிக் கட்டடம் எழுந்தது. வர்ணம் பூசி, மின்விசிறி மாட்டி, பெஞ்சு மேசைகளைப் பிளாஸ்டிக் உறையோடு உள்ளே இறக்கி, கதவைப் பூட்டினார்கள். பூட்டியது பூட்டியபடியே இருந்தது. அமைச்சர் வந்து திறக்கத் தேதி கிடைக்கவில்லை. பிள்ளைகள் எதிரில் இருந்த ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் தரையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். பதாகையில் இருந்த பள்ளிக்கூடத்தை அதன் மாணவர்கள் வெளியிலிருந்து மட்டுமே பார்த்திருந்தார்கள்.

இது எனக்கு எப்படித் தெரிய வந்தது என்றால், கார்த்திக் மூலமாக. மாவட்டத்தில் எங்கள் கட்சியின் சமூக ஊடகப் பணிகளைக் கவனித்தவன் அவன். நாவலூரில் ஒரு கணினி நிறுவனத்தில் நல்ல சம்பளத்தில் இருந்தவன், மாலையானால் கட்சி வேலைக்கு வந்துவிடுவான். கெட்டிக்காரன். அவன் ஒருநாள் என் முன்னால் செல்போனை நீட்டினான்.

“அக்கா, இதைப் பாருங்க. செம மேட்டர்.”

மழைக்காலத்தில் எடுத்த ஒரு காணொளி. கொட்டகையின் திறந்த பக்கத்திலிருந்து சாரல் உள்ளே அடிக்கிறது. பிள்ளைகள் பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் ஒட்டி நிற்கிறார்கள். பின்னால், அவர்களுக்கு மிக அருகில், பூட்டிய புதுக் கட்டடம். படம் எடுப்பவரின் குரல் மட்டும் கேட்கிறது. “நீங்க நனைஞ்சா பரவாயில்ல, புஸ்தகத்த நெஞ்சோட அணைச்சுப் பிடிங்க. தலையில வெக்காதீங்க.”

அது அந்தப் பள்ளித் தலைமையாசிரியையின் குரல். இதை அவர் எங்களுக்கு அனுப்பவில்லை. தன் மேலதிகாரிக்கு அனுப்பியிருக்கிறார். ஆதங்கத்தில் ஓர் உறவினருக்கும் காட்டியிருக்கிறார். அந்த உறவினர் வழியாகக் கார்த்திக் கைக்கு வந்திருந்தது.

அடுத்த வாரம் ஒரு தொலைக்காட்சி நிறுவனம் அந்தக் குப்பத்தை ஒட்டிய மைதானத்திலேயே காலை நேரத்தில் நேரலை விவாதம் வைத்திருந்தது. ஆளுங்கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் ஒவ்வொரு பேச்சாளர், எதிரே பொதுமக்கள். எங்கள் கட்சிக்கு நான். அங்கே இந்தக் காணொளியைப் போட்டால் மாநிலமே பார்க்கும் என்பது கார்த்திக்கின் கணக்கு. அது சரியான கணக்குதான்.

நான் போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தக் குரல் என்னை உறுத்தியது. மறுநாள் தலைமையாசிரியையின் வீட்டுக்குப் போனேன். கட்சிக் கரை இல்லாத சேலை உடுத்தி, பேருந்தில் போனேன். அவர் பெயரை அன்றும் யாரிடமும் சொல்லவில்லை, இன்றும் சொல்லப்போவதில்லை.

வாசலில் என்னைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறிப்போனது. உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

“அது உங்களுக்கு அனுப்பினது இல்லீங்க” என்றார்.

“தெரியும். அதனாலதான் கேக்க வந்தேன்.”

“போடாதீங்க.”

“நடவடிக்கை எடுப்பாங்கன்னு பயப்படறீங்களா?”

“பயம் இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா அது இல்ல விஷயம். என்ன எங்கயாவது தூக்கிப் போட்டா நான் போயிடுவேன். பத்தாவதுக்குக் கணக்கு நான்தான் எடுக்கறேன். வேற ஆள் கெடையாது. பொதுப் பரீட்சை வர்ற நேரம். உங்களுக்கு அந்த வீடியோ ஒரு காலைக்கு ஆகும். பிள்ளைங்களுக்கு வருஷமே போயிடும்.”

காபி கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன்.

கார்த்திக் விடவில்லை. “முகம் தெரியலையே அக்கா.”

“குரல் தெரியுதே.”

“குரல மாத்திடலாம். அதெல்லாம் சாப்ட்வேர்ல நிமிஷத்து வேலை.”

“அந்தப் பள்ளிக்கூடத்துல இருந்து வேற யாருடா எடுத்திருக்க முடியும்? குரல மாத்துனா ஆளு மாறிடுமா?”

“அக்கா, ஒரு டீச்சரப் பாத்தா ஒரு தொகுதி போயிடும்.”

அவன் கெட்டவன் இல்லை. அவன் சொன்னதில் ஒரு நியாயமும் இருந்தது. அந்தக் கட்டடம் போல மாவட்டத்தில் எத்தனையோ. ஒருவருக்குக் கஷ்டம் வந்தாலும் ஊருக்கு நல்லது என்று வாதாடலாம். நான் செல்போனை அவனிடமே திருப்பிக் கொடுத்து, “போடக் கூடாது” என்றேன். ஏன் என்று அவனுக்கு விளங்கும்படி சொல்ல எனக்கு அன்று வரவில்லை. கையில் இருந்த ஒரே ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டுச் சண்டைக்குப் போகிற மாதிரிதான் இருந்தது.

விவாத நாள் வந்தது. மைதானத்தில் ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள். மாமல்லபுரத்துச் சிற்பக்கூடங்களிலிருந்து வந்தவர்கள், விடுதிகளில் வேலை செய்பவர்கள், அணுசக்தி ஆய்வு வளாகத்துக் குடியிருப்பிலிருந்து வந்த குடும்பங்கள், குப்பத்து மக்கள் என்று நல்ல கூட்டம். ஆளுங்கட்சி சார்பில் வக்கீல் சிவநேசன். செங்கல்பட்டு நீதிமன்றத்தில் பேர் பெற்றவர். குரல் எழுந்தால் கடல் இரைச்சலே அடங்கிவிடும். புள்ளிவிவரங்களை மனப்பாடமாக அடுக்குவார். அவரை எளிதாக நினைத்துப் போனவர்கள் யாரும் நன்றாகத் திரும்பி வந்ததில்லை.

முதலில் பொருளாதாரம். எத்தனை தொழிற்சாலைகள் வந்தன, எவ்வளவு முதலீடு வந்தது என்று அவர் பட்டியல் போட்டார். கைத்தட்டல் எழுந்தது. நான் மறுக்கவில்லை.

“தொழிற்சாலை வந்தது உண்மை. நானே பஸ்ல போகும்போது பாக்கறேன். என் கேள்வி ஒண்ணுதான். இந்தக் கூட்டத்துல இருக்கறவங்க வீட்டுப் பிள்ளைங்க எத்தனை பேருக்கு அங்க நிரந்தர வேலை கெடைச்சிருக்கு? கை தூக்குங்க.”

இது ஆபத்தான கேள்வி. நிறையக் கை எழுந்தால் அங்கேயே என் கதை முடிந்திருக்கும். அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் எழுந்தன. நடுவில் ஓர் இளைஞன் எழுந்தான்.

“நான் இன்ஜினியரிங் முடிச்சேங்க. காண்ட்ராக்ட்ல எடுத்தாங்க, கொஞ்ச மாசத்துல நிறுத்திட்டாங்க. இப்ப படூர் அபார்ட்மென்ட்டுங்களுக்கு சாப்பாடு பார்சல் கொண்டு போறேன்.”

“அதுவும் வேலைவாய்ப்புக் கணக்குல வந்திருக்கும் தம்பி” என்றேன். கூட்டம் சிரித்தது. சிவநேசனும் சிரித்துவிட்டார். பிறகு சளைக்காமல் கல்விக்குத் தாவினார். அது தனக்குப் பலமான இடம் என்று நினைத்திருந்தார்.

“அக்கா ரொம்ப அழகாப் பேசறாங்க. ஆனா நாங்க பள்ளிக்கூடம் கட்டினோம். மாவட்டம் பூராக் கட்டினோம். நான் சவால் விடறேன். வகுப்பறை இல்லாம பிள்ளைங்க உக்காந்திருக்கற ஒரு பள்ளிக்கூடத்தக் காட்டுங்க. ஒண்ணே ஒண்ணு.”

நான் வாயைத் திறப்பதற்குள் முன்வரிசையில் இருந்து ஒரு பெண் எழுந்தாள். பெயர் அஞ்சலை. மாமல்லபுரம் கடைத்தெருவில் மீன் விற்பவள். மகள் அந்தப் பள்ளியில் பத்தாவது. ஒலிவாங்கியை யாரும் கொடுக்கவில்லை. அவளுக்கு அது தேவைப்படவும் இல்லை.

“நீ இன்னா சவாலு வுடற. அந்தம்மா இன்னா பேசுது. ரெண்டு பேரும் மாறி மாறி ஆண்டுகினுதான் கீறீங்கோ. யக்கா, நீங்க இருந்தப்ப மட்டும் எங்க ஸ்கூலுக்கு இன்னா கிழிச்சீங்கோ?”

தம்பி தங்கைகளே, இந்தக் கேள்வி உங்கள் ஒவ்வொருவருக்கும் ஒருநாள் வரும். அப்போது பழைய ஆட்சியின் சாதனைகளைத் தேட ஆரம்பித்தால் தொலைந்தீர்கள். நான் இருப்பதைச் சொன்னேன்.

“அம்மா, உங்க பழைய ஓட்டுக் கட்டடம் எங்க ஆட்சியிலும் ஒழுகுச்சு. நாங்க புதுசு கட்டல. இவங்க கட்டினாங்க. அத நான் ஒத்துக்கறேன்.”

ஓரமாக நின்றிருந்த கார்த்திக் தலையில் கை வைத்துக்கொண்டான். சிவநேசன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் இதை எதிர்பார்க்கவில்லை.

“கட்டினத ஏன் பூட்டி வெச்சிருக்காங்கன்னுதான் கேக்கறேன்.”

“பூட்டு அது இதுன்னு பொய் சொல்லாதீங்க” என்றார் சிவநேசன். “ஆதாரம் இருந்தாக் காட்டுங்க.”

கார்த்திக் செல்போனை உயர்த்திப் பிடித்தான். ஒரு தலையசைப்பு போதும், பின்னால் இருந்த பெரிய திரையில் ஓட விட்டுவிடுவான். நெறியாளராக இருந்த இளம்பெண்ணும் அதைக் கவனித்துவிட்டாள். “உங்ககிட்ட ஏதாவது காணொளி இருக்கா?” என்று கேட்டாள். கூட்டம் முழுக்க என்னைப் பார்த்தது. இல்லை என்று சொன்னால் நான் பொய்க்காரி. இருக்கிறது என்று சொன்னால் ஒரு வகுப்பின் கணக்கு ஆசிரியை போய்விடுவார்.

அந்த நேரத்தில்தான் மைதானத்தின் ஓரத்துச் சவுக்குத் தோப்பு என் கண்ணில் பட்டது. பள்ளிக்கூடம் அந்தத் தோப்புக்கு அடுத்த பக்கம்தான்.

“காணொளி எதுக்கு?” என்றேன். “ஸ்கூல் இதோ இருக்கு. நடந்தே போயிடலாம். வக்கீல் சார், வாங்க.”

சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கினேன். இறங்கும்போதுதான் ஒரு சந்தேகம் வந்தது. இந்த விவாதத்துக்காகவே நேற்று மாலை அந்தக் கட்டடத்தைத் திறந்திருந்தால்? நான் அன்று காலை அந்தப் பக்கம் போய்ப் பார்த்திருக்கவில்லை. இந்தத் தவறை நீங்கள் செய்யாதீர்கள். நடக்கக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள்.

சிவநேசன் தயங்கினார். வராமல் இருந்தால் தோற்றதாகிவிடும் என்று அவருக்குத் தெரிந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். ஒளிப்பதிவாளர்கள் கேமராவைத் தோளில் தூக்கினார்கள். நெறியாளர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் ஓடிவந்தாள். கூட்டமே நாற்காலிகளைத் தள்ளிவிட்டுக் கிளம்பியது. அஞ்சலை எல்லோருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

தோப்பைத் தாண்டியதும் கட்டடம் தெரிந்தது. கிரில் கதவில் பூட்டு தொங்கியது. நான் அப்போதுதான் மூச்சு விட்டேன்.

பக்கத்தில் கல்வெட்டைத் துணியால் மூடிக் கட்டியிருந்தார்கள். காற்றில் துணி விலகி, திறந்து வைத்த நாள் என்பதற்குப் பக்கத்தில் இடம் காலியாக இருப்பது தெரிந்தது. கேமரா அதை நன்றாகவே பிடித்தது. எதிரே கொட்டகையில் பிள்ளைகள் தரையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். கடற்காற்று தாளைப் பறக்கடிக்காமல் இருக்க ஒவ்வொருவரும் ஓரத்தில் ஒரு கல்லை வைத்திருந்தார்கள்.

கூட்டத்தில் கூச்சல் எழுந்தது. “பூட்டிதானே கீது? பாரு, பூட்டிதானே கீது?” சிவநேசன் குரலை உயர்த்தி, “கொஞ்சம் கேளுங்க, கொஞ்சம் கேளுங்க” என்றார். எங்கள் கட்சிக்காரர்கள் கோஷம் போட ஆரம்பித்தார்கள்.

கொட்டகையிலிருந்து தலைமையாசிரியை வெளியே வந்தார். என்னைப் பார்த்தார். முன்பின் தெரியாதவரைப் பார்ப்பது போலவே பார்த்தார். பிறகு உதட்டில் விரல் வைத்து, எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார்.

“பரீட்சை நடக்குது, மெதுவா பேசுங்க.”

என் வாழ்நாளில் எத்தனையோ கூட்டங்களை அடக்கியிருக்கிறேன். அப்படி ஓர் அமைதியை நான் உண்டாக்கியதே இல்லை. கோஷம் நின்றது. அஞ்சலைகூட முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நெறியாளர் ஒலிவாங்கியோடு அவரிடம் ஓடினாள்.

“மேடம், இது எவ்வளவு நாளா பூட்டியிருக்கு?” அதையும் அவள் கிசுகிசுப்பாகத்தான் கேட்டாள்.

நான் இடையில் போய் நின்றேன். “அவங்க அரசு ஊழியர். அவங்களக் கேக்காதீங்க. பதில் சொல்ல வேண்டியவர் இங்க இருக்காரு.”

தலைமையாசிரியை திரும்பிக் கொட்டகைக்குள் போய்விட்டார். கேமரா சிவநேசன் பக்கம் திரும்பியது.

அதன் பிறகு நடந்ததுதான் அந்த ஆண்டின் மிகச் சிறந்த அரசியல் விவாதம். முழுக்க முழுக்கக் கிசுகிசுப்பிலேயே நடந்தது. கடலை அடக்கும் குரல் படைத்த சிவநேசன், ரகசியம் சொல்வதைப் போல ஓர் அரசாங்கத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

“வேலை முழுசா முடியணும்ல” என்றார் மெதுவாக.

“ஃபேன் கூட மாட்டிட்டாங்களே. ஜன்னல் வழியாத் தெரியுது பாருங்க” என்றேன் நானும் மெதுவாக.

“அமைச்சர் தேதி அடுத்த வாரம்.”

“தீபாவளிக்கு முன்னாடியும் அடுத்த வாரம்னுதான் சொன்னாங்கோ” என்றாள் அஞ்சலை, முந்தானைக்குள்ளிருந்து.

அடுக்குமொழிக்கு அங்கே இடமில்லை. கை ஓங்கிப் பேச முடியவில்லை. கேள்வியும் பதிலும் மட்டும்தான் மிஞ்சின. அப்படிப் பேசினால் யாரிடம் பதில் இருக்கிறது, யாரிடம் இல்லை என்பது பளிச்சென்று தெரிந்துவிடுகிறது.

கடைசியில் நான் கேட்டேன். “அமைச்சர் எப்ப வேணா வரட்டும். அதுவரைக்கும் பிள்ளைங்க உள்ள உக்காந்தா என்ன தப்பு? உங்களாலதான் அமைச்சர்கிட்ட பேச முடியும். பேசிப் பாருங்களேன்.”

சிவநேசன் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு செல்போனை எடுத்துக்கொண்டு தோப்புப் பக்கம் ஒதுங்கினார்.

கார்த்திக் என் தோளை இழுத்தான். “அக்கா, இன்னா பண்றீங்க? பூட்டு இப்படியே இருந்தாத்தான் நமக்கு லாபம். தேர்தல் வரைக்கும் தினம் ஒருத்தரக் கூட்டிகினு வந்து காட்டலாம். இப்ப அவன் தொறந்துட்டா பேரு அவனுக்குப் போயிடும்.”

அவன் சொன்னது முழுக்க உண்மை. திறந்த கதவைவிடப் பூட்டிய கதவுக்குத்தான் வாக்கு அதிகம். இந்தத் தொழிலில் ஒவ்வொருவருக்கும் இந்த இடம் வரும். ஊருக்கு இருக்கும் குறை தீர்ந்துவிட்டால் நமக்குப் பேச எதுவும் இருக்காதே என்று மனசு ஓர் ஓரத்தில் கணக்குப் போடும். எனக்கும் போட்டது. கொட்டகையைப் பார்த்தேன். அஞ்சலையின் மகள் தாளில் விழுந்த மணலை ஊதிவிட்டு எழுதிக்கொண்டிருந்தாள்.

“தொறக்கட்டும்டா” என்றேன். “அவன் பேர்லயே தொறக்கட்டும்.”

சிவநேசன் திரும்பி வந்தார். “அமைச்சர் சொல்லிட்டாரு. இன்னைக்கே திறக்கலாம்னுட்டாரு. விழா பிறகு வெச்சுக்கலாமாம்.” அவர் முகத்தில் இருந்தது தோல்வியா வெற்றியா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

பொதுப்பணித் துறைப் பொறியாளர் ஜீப்பில் சாவியோடு வந்தார். மாதிரிப் பரீட்சை முடியட்டும் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டதால் ஆளுங்கட்சிக்காரர்களும் நாங்களும் தொலைக்காட்சிக்காரர்களும் சவுக்கு நிழலில் காத்திருந்தோம். யாரோ எல்லோருக்கும் தேநீர் வாங்கி வந்தார்கள். மணி அடித்ததும் பூட்டைத் திறந்தார்கள். சிவநேசன் புகைப்படத்துக்கு என்னையும் கூப்பிட்டார். “முதல்ல பிள்ளைங்க போகட்டும் சார்” என்றேன். அவரும் வாசலை விட்டு ஒதுங்கி நின்றார். பிள்ளைகள் வரிசையாக உள்ளே போனார்கள். கொஞ்ச நேரத்தில் பெஞ்சுகளின் பிளாஸ்டிக் உறையைக் கிழிக்கும் சத்தம் வெளியே வரைக்கும் கேட்டது. அந்தச் சத்தத்துக்குக் கூட்டம் பலமாகக் கைதட்டியது. அப்போது யாரும் யாரையும் மெதுவாக என்று சொல்லவில்லை.

அன்று மாலை செங்கல்பட்டு கட்சி அலுவலகத்தில் மாவட்டச் செயலாளர் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

“அவன் தொறந்துட்டுப் போட்டோ எடுத்துகினு போயிட்டான். நீ கைதட்டிட்டு வந்திருக்க. இதுக்கா உன்ன அனுப்பினோம்?”

“தொறந்தது அவங்கதான் அண்ணே. தொறக்க வெச்சது யாருன்னு பாத்தவங்களுக்குத் தெரியும்” என்றேன். அவர் நம்பவில்லை. அடுத்த இரண்டு கூட்டங்களுக்கு என் பெயரை எடுத்துவிட்டார்.

ஆனால் அந்தக் கிசுகிசு விவாதம் செல்போன் செல்போனாகப் பரவியது. காரசாரமான பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்திருந்த ஜனங்கள், இரண்டு அரசியல்வாதிகள் பரீட்சைக்குப் பயந்து ரகசியம் பேசுவதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். பிறகு அழைப்புகள் வர ஆரம்பித்தன. எங்கள் ஊரில் அங்கன்வாடி கட்டிப் பூட்டிக் கிடக்கிறது, எங்கள் ஊரில் நூலகம் பூட்டிக் கிடக்கிறது, எங்கள் ஊரில் மீன் சந்தைக்குக் கட்டிய கூடம் பூட்டிக் கிடக்கிறது, ஒருமுறை நடந்து வாருங்கள் என்று.

நடந்தேன். அதுவே என் பிரசாரமாகிவிட்டது. ஒரு வேடிக்கையும் நடந்தது. இன்ன ஊருக்கு மரகதம் வருகிறார் என்று நாங்கள் அறிவித்தால் போதும், முதல் நாளே அந்த ஊரில் பூட்டு திறந்துவிடும். நான் போய்ச் சேரும்போது அங்கன்வாடியில் குழந்தைகள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். கார்த்திக் முதலில் அலுத்துக்கொண்டான். பிறகு அவனே, “அக்கா, அந்த ஊருக்கும் உங்க பேர அறிவிச்சுடவா? போகக்கூட வேணாம்” என்று கேட்க ஆரம்பித்தான். என் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்த மாவட்டச் செயலாளர், என் சுற்றுப்பயணத் தேதிகளைக் கேட்டு வீட்டுக்கே ஆள் அனுப்பினார்.

அந்தத் தேர்தலில் தொகுதியையும் ஆட்சியையும் நாங்கள் வென்றோம். குப்பத்து வாக்குச்சாவடி எங்களுக்கு என்றுமே கிடைத்ததில்லை, அதுவும் கிடைத்தது. எண்ணிக்கை நடந்த இடத்தில் சிவநேசன் என்னைத் தேடி வந்து கை கொடுத்தார். “தொறந்தது நாங்க, ஓட்டு உங்களுக்கு” என்றார். அவர் குரலில் கசப்பு இல்லை. தலைமையாசிரியையை யாரும் எங்கும் மாற்றவில்லை. அந்த வருஷம் அந்தப் பள்ளியின் பத்தாம் வகுப்பில் கணக்கில் ஒருவரும் தவறவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன். அதைக் கேட்டபோது வந்த மகிழ்ச்சி, வெற்றிச் செய்தி வந்தபோதுகூட எனக்கு வரவில்லை.

இத்தோடு நிறுத்தினால் நான் பெருமையடித்துக்கொண்டதாக ஆகும். இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

சில நாள் கழித்து நன்றி சொல்லும் ஊர்வலம். திறந்த வேனில் புதிய சட்டமன்ற உறுப்பினரும் நானும் மாலையோடு நின்றோம். முன்னால் மேளம். வேன் குப்பத்துக்குள் திரும்பியதும் அஞ்சலை மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு நடுத்தெருவில் நின்றாள். ஆரத்தி எடுக்கப்போகிறாள் என்று உறுப்பினர் கும்பிட்டார்.

“ஓட்டு போட்டோம்னு ஆடாதீங்கோ” என்றாள் அவள். “ஸ்கூலுக்குப் பின்னாடி செவுரு இல்ல. மாடு உள்ள வந்துகினு கீது. பொண்ணுங்க போற கக்கூசுக்குத் தண்ணி இல்ல. இப்ப நீங்கதான ஆளுங்கட்சி? எறங்கி வந்து பாருங்கோ.”

உறுப்பினர் சிரித்து மழுப்பினார். “இன்னும் நாலு ஊர் போகணும்மா. ஒருநாள் கண்டிப்பா வர்றேன்” என்று சொல்லி, ஓட்டுநரைப் பார்த்துக் கையசைத்தார்.

நான் கழுத்து மாலையைக் கழற்றி வேன் கம்பியில் மாட்டினேன். “நாலு ஊரும் எங்கயும் ஓடாது தம்பி. கூப்பிடறாங்க, எறங்குங்க.”

அவர் என்னைப் பார்த்தார். நான் அதற்குள் கீழே இறங்கிவிட்டிருந்தேன். வேறு வழியில்லாமல் அவரும் இறங்கினார். அஞ்சலை முன்னால் நடந்தாள். மேளக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவர்களும் அடித்தபடியே எங்களோடு பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் வந்தார்கள்.